தூங்கிய டேப் – 4: கைவிடப்பட்ட முதல் தட்டு

இதுவரை: சிகாகோவின் ஹைட் பார்க்கில் வக்கீல் வீட்டுப் பிள்ளையாக வளர்ந்த பால் பட்டர்ஃபீல்ட், முறையாகக் கற்ற புல்லாங்குழலைக் கீழே வைத்துவிட்டு மவுத் ஆர்கனைக் கையில் எடுத்தார். இயற்பியல் படிக்க 1960இல் ஓக்லஹோமாவிலிருந்து வந்து இறங்கிய எல்வின் பிஷப், வகுப்பை மறந்து கித்தாரோடு அவருடன் சேர்ந்துகொண்டார். வெள்ளைக்காரப் பையன்கள் கால் வைக்கத் தயங்கும் தெற்குச் சிகாகோ மதுக்கூடங்களில், மடி வாட்டர்ஸின் மேடை ஓரத்தில், இருவரும் ப்ளூஸ் பழகினார்கள். 1963இல் ஹவுலின் உல்ஃபின் குழுவிலிருந்து பேஸ் கித்தார்காரர் ஜெரோம் ஆர்னால்டையும் டிரம்மர் சாம் லேயையும் பட்டர்ஃபீல்ட் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

நான்கு பேர். இரண்டு கறுப்பர், இரண்டு வெள்ளையர். இனி கதை.

* * *

ஓல்ட் டவுன் என்பது சிகாகோவின் வடக்குப் பகுதி. வெல்ஸ் தெருவில் 'பிக் ஜான்ஸ்' என்று ஒரு மதுக்கூடம். அதற்கு முன்பு அந்த வட்டாரத்தில் இசை என்றால் ஒற்றைக் கித்தாரோடு நாட்டார் பாடல் பாடுகிறவர்கள்தான். மின்சாரக் கித்தாரும் டிரம்ஸும் ஊரின் மறுகோடியில், கறுப்பர் குடியிருப்புகளில் முழங்கிக்கொண்டிருந்தன. இரண்டுக்கும் நடுவே சில மைல் தூரம்தான். ஆனால் அந்த நாள் சிகாகோவில் அந்தச் சில மைல்களை எந்த வரைபடத்தாலும் அளக்க முடியாது.

இந்த நால்வர் அந்தத் தூரத்தைத் தாண்டினார்கள். தெற்கே கேட்டதை வடக்கே கொண்டுவந்து, வாரத்தில் பல இரவுகள், ஆட்டம் போடும் கூட்டத்துக்கு நடுவே வாசித்தார்கள்.

சாம் லேயைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். அலபாமாவின் பர்மிங்ஹாமில் பிறந்தவர். உல்ஃபுக்கு முன்பு லிட்டில் வால்டருக்கும் வாசித்தவர். ப்ளூஸின் குலுங்கு நடையை அவர் இரட்டிப்பாக்கி அடிப்பார். சிறுவயதில் தேவாலயத்தில் கேட்ட கைத்தட்டலும் டாம்பரின் ஒலியும் அதற்குள் இருந்தன. இப்படிப்பட்ட ஒருவர் பின்னால் உட்கார்ந்திருக்க, முன்னால் நிற்கிற இருபத்தொரு வயதுப் பையன் சும்மா ஒப்பேற்ற முடியாது.

பட்டர்ஃபீல்ட் ஒப்பேற்றவும் இல்லை. மவுத் ஆர்கனைத் தலைகீழாக, கீழ்ச்சுரங்கள் வலப்பக்கம் வரும்படி பிடிப்பார். மைக்கையும் ஆர்கனையும் சேர்த்து உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டு ஊதுவார். அந்தச் சத்தம் ஆம்ப்ளிஃபயருக்குள் போய், கரகரத்து, தடித்து, சாக்ஸபோன் அளவுக்குப் பெருத்து வெளியே வரும். லிட்டில் வால்டர் போட்ட பாதை அது. பட்டர்ஃபீல்ட் அதில் தன் சொந்த மூச்சோடு நடந்தார்.

* * *

1964 முடியப் போகிற நேரம். நியூயார்க்கிலிருந்து ஒருவர் சிகாகோவுக்கு வந்து இறங்கினார். அவர் பெயரும் பால்தான்: பால் ராத்சைல்ட். குழப்பம் வேண்டாம் என்று அவரை இனி ராத்சைல்ட் என்றே சொல்வோம்.

அப்போது அவருக்கு வயது 29. மாசசூசெட்ஸின் கேம்பிரிட்ஜில் 'கிளப் 47' என்ற சின்ன அரங்கைச் சுற்றி வளர்ந்த நாட்டார் இசைக் கூட்டத்திலிருந்து வந்தவர். கையிலிருந்த காசைப் போட்டுத் தட்டு வெளியிட்டுப் பார்த்தவர். பிறகு எலெக்ட்ரா நிறுவனத்தில் தயாரிப்பாளராகச் சேர்ந்தார். பட்டர்ஃபீல்டைப் போய்க் கேள் என்று அவரை அனுப்பியது யார் என்பதில், பிற்காலத்தில் பெயர் வாங்கிக்கொண்டவர்கள் ஒருவருக்கு மேல். குழு பெரிதானால் கண்டுபிடித்தவர்களும் பெருகத்தானே செய்வார்கள்.

எலெக்ட்ராவைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும், பின்னால் வரப்போகிற முடிவு புரிவதற்காக. ஜாக் ஹோல்ஸ்மன் என்ற மாணவர் 1950இல் கல்லூரியில் இருந்தபடியே தொடங்கிய நிறுவனம் அது. பதினைந்தாவது ஆண்டை எட்டும்போது அதன் பெயர் நாட்டார் இசை ரசிகர்களிடம் மரியாதைக்குரியதாகியிருந்தது. ஜூடி காலின்ஸ், டாம் பாக்ஸ்டன், ஃபில் ஓக்ஸ். எல்லாரும் கித்தாரை மின்சாரத்தில் சொருகாதவர்கள். சுத்தமான குரல், தெளிவான சொற்கள், அமைதியான அறை. எலெக்ட்ராவின் பொறியாளர்களுக்குப் பழக்கமான உலகம் அதுதான்.

அந்த நிறுவனத்தின் ஆள் பிக் ஜான்ஸ் கதவைத் திறந்தார்.

உள்ளே கேட்டது அவருக்குப் போதும். ஆனால் போதும் என்று தோன்றிய அதே பயணத்தில் இன்னொன்றும் நடந்தது. இந்தக் கதையில் திசை மாறுகிற இடம் அது.

* * *

அதே ஊரில் வேறொரு மேடையில் இன்னொரு இளைஞன் வாசித்துக்கொண்டிருந்தான். மைக் ப்ளூம்ஃபீல்ட். வயது 21. உணவகங்களுக்கு வேண்டிய காபி எந்திரம், சர்க்கரைக் குடுவை போன்றவற்றைச் செய்யும் தொழிற்சாலை அவன் குடும்பத்தினுடையது. பணக்கார வீட்டு மூத்த பிள்ளை. அப்பாவின் தொழிலில் ஒரு துளி ஆசை கிடையாது. இடக்கைக்காரன்; ஆனாலும் வலக்கைக்காரர்களைப் போலக் கித்தாரைப் பிடித்துப் பழகியிருந்தான்.

கொலம்பியா நிறுவனத்தின் ஜான் ஹேமண்ட், பாப் டிலனைக் கண்டெடுத்த அதே ஹேமண்ட், அந்த ஆண்டு ப்ளூம்ஃபீல்டையும் ஒப்பந்தம் செய்து பதிவும் எடுத்திருந்தார். எதுவும் வெளிவரவில்லை. (அந்தப் பதிவுகளும் பெட்டிக்குள்தான் கிடந்தன. அவற்றில் சிலவற்றை 2014இல் ஆல் கூப்பர் தொகுத்த பெட்டியில் கேட்கலாம். இந்தத் தொடரில் கிளைக்கதைகளுக்குப் பஞ்சமில்லை.)

ராத்சைல்ட் அவன் வாசிப்பைக் கேட்டார். இந்தக் கித்தார் அந்த மவுத் ஆர்கனோடு சேர வேண்டும் என்று அவருக்குப் பட்டது.

சொல்வது சுலபம். பட்டர்ஃபீல்ட் குழுவில் ஏற்கெனவே ஒரு கித்தார்காரர் இருக்கிறார். நண்பர், ஆரம்பத்திலிருந்து கூட இருப்பவர். தவிர, பட்டர்ஃபீல்டும் ப்ளூம்ஃபீல்டும் ஒரே ஊர்க்காரர்கள் என்றாலும் நெருக்கம் இல்லை. பட்டர்ஃபீல்ட் அதிகம் பேசாதவர், முறைப்பு உள்ளவர், குழுவைக் கையில் இறுக்கிப் பிடித்து நடத்துகிறவர். அவரிடம் தனக்குப் பயம் இருந்தது என்று ப்ளூம்ஃபீல்ட் பின்னாளில் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார்.

ஆனாலும் சேர்ந்தார்கள். முதலில் பதிவுக்காக, பிறகு முழுதாக. எல்வின் பிஷப் முன்வரிசையிலிருந்து ஒரு படி பின்னால் நகர்ந்து ரிதம் கித்தாரைப் பிடித்தார். அந்த நகர்வு அவருக்கு எவ்வளவு கசந்திருக்கும் என்பது மூன்றாவது தட்டில் அவர் மறுபடி முன்னால் வரும்போது தெரியும். அதற்கு இன்னும் பல வாரம் இருக்கிறது.

* * *

1964 டிசம்பர். ஸ்டூடியோ.

என்ன வாசித்தார்கள்? மேடையில் தினமும் வாசித்ததைத்தான். வில்லி டிக்சன் எழுதி ஹவுலின் உல்ஃப் பாடிய 'ஸ்பூன்ஃபுல்'. உல்ஃபின் கூலியாட்களாக இருந்த ஆர்னால்டும் லேயும் முதலாளியின் பாட்டை அவர் இல்லாமல் வாசிக்கிறார்கள் என்பதை நினைத்துக்கொண்டு கேட்டால் சுவை கூடும். லிட்டில் வால்டரின் 'ஹேட் டு சீ யூ கோ'. சன்னி பாய் வில்லியம்சனின் 'ஹெல்ப் மீ'. 'ராக் மீ', 'இட் ஹர்ட்ஸ் மீ டூ', 'கோயின் டவுன் ஸ்லோ'. சொந்தச் சரக்கு மிகக் குறைவு.

வேகமாக முடிந்தது. ஒரு தட்டுக்குத் தேவையானதைவிட நிறையவே டேப்பில் இருந்தது. முதல் தட்டு தயார்.

ராத்சைல்ட் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார்.

என்னவோ குறைந்தது.

* * *

இந்த இடத்தில் நிதானிக்க வேண்டும். ஏனென்றால், தட்டு மோசமாக இருந்ததால் கைவிட்டார்கள் என்று ஒரே வரியில் இதைக் கடந்துவிடுவது வழக்கம். அது நியாயமான வரி அல்ல. அந்த டேப் இன்று நம் கையில் இருக்கிறது, கேட்டுப் பார்க்கலாம். மோசம் இல்லை. குழு இறுக்கமாக வாசிக்கிறது. பட்டர்ஃபீல்டின் மூச்சு எங்கேயும் தளரவில்லை.

பிறகு என்ன பிரச்சினை? ராத்சைல்ட் அந்தக் குழுவை மதுக்கூடத்தில் கேட்டிருந்தார். அதுதான் பிரச்சினை. பிக் ஜான்ஸில் சத்தம் உடம்பில் மோதும். டிரம்ஸ் கித்தாருக்குள் கசியும், கித்தார் குரலுக்குள் கசியும், ஆம்ப்ளிஃபயர் திணறும், அந்தத் திணறலே இசையின் பாதி. ஸ்டூடியோ டேப்பில் அந்தத் திணறல் இல்லை. நாட்டார் பாடகர்களின் மெல்லிய மூச்சைக்கூடத் தவறவிடாமல் பிடிக்கப் பழகிய கைகள், இரைச்சலைப் பிடிக்கப் பழகியிருக்கவில்லை என்றே நினைக்கிறேன். இப்படி உரக்க வாசிக்கும் குழுவை எலெக்ட்ரா அதற்கு முன் பதிவு செய்ததில்லை.

இதற்கிடையே, விஷயத்தைச் சிக்கலாக்கும்படி ஒரு நல்லது நடந்தது.

பதினைந்தாம் ஆண்டு நிறைவுக்காக எலெக்ட்ரா 'ஃபோக்சாங் 65' என்ற தொகுப்பை வெளியிட்டது. நிறுவனத்தின் கலைஞர்கள் ஒவ்வொருவரிடமிருந்தும் ஒரு பாட்டு, குறைந்த விலை, விளம்பரம் மாதிரி. அதில் பட்டர்ஃபீல்ட் குழுவின் பாட்டு ஒன்றையும் சேர்த்தார்கள். நிக் கிரேவனைட்ஸ் எழுதிய 'பார்ன் இன் சிகாகோ'. துப்பாக்கியும் சாவும் நண்பர்களை ஒவ்வொருவராகக் கொண்டுபோகும் ஊரில் வளர்ந்தவன் பாடும் பாட்டு.

மென்மையான கித்தார்களுக்கு நடுவே அது வெடித்தது. தொகுப்பு எதிர்பார்த்ததைவிட எவ்வளவோ அதிகமாக விற்றது. வாங்கியவர்கள் யார் இவர்கள் என்று கேட்கத் தொடங்கினார்கள்.

ஹோல்ஸ்மன் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். சிறிய நிறுவனம். ஸ்டூடியோவுக்குச் செலவழித்தாயிற்று. தட்டு தயார். கடையில் ஆள் காத்திருக்கிறான். எந்த வியாபாரி தயங்குவான்?

அந்த நேரத்தில்தான் ராத்சைல்ட் அவரிடம் போய், இதை வெளியிட வேண்டாம் என்றார்.

வேண்டாம் என்றால் கொஞ்சம் திருத்துவது அல்ல. தூக்கி ஓரமாக வைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவது. சம்பளம் வாங்குகிற தயாரிப்பாளர், முதலாளியின் பணத்தில் எடுத்த சரக்கை, சந்தை கைநீட்டி நிற்கும்போது, குப்பைக்கு அனுப்பச் சொல்கிறார்.

ஹோல்ஸ்மன் மனமில்லாமல்தான் ஒப்புக்கொண்டார். ஆனால் ஒப்புக்கொண்டார். ராத்சைல்டின் பிடிவாதத்தை எல்லாரும் பாராட்டுகிறார்கள். எனக்கென்னவோ, அந்தத் தலையாட்டலுக்குத்தான் அதிகத் துணிச்சல் வேண்டியிருந்தது என்று படுகிறது. நஷ்டம் அவருடையது.

* * *

சரி, மதுக்கூடத்துச் சத்தம்தானே வேண்டும், மதுக்கூடத்திலேயே பதிவு செய்வோம். அடுத்த யோசனை இப்படிப் போனது.

1965 வசந்தம். நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜ், பிளீக்கர் தெரு, 'கஃபே ஆ கோ கோ'. பதிவுக் கருவிகள் உள்ளே போயின. குழு வாசித்தது. கிழக்குக் கரை இசைக்காரர்கள் அந்த இரவுகளில்தான் முதன்முறையாக இவர்களை நேரில் பார்த்தார்கள். பெயர் பரவியது.

டேப்பைக் கேட்ட ராத்சைல்ட் மறுபடியும் தலையை அசைத்தார். இதுவும் வேண்டாம்.

இரண்டு முறை செலவு. இரண்டு முறையும் ஒரு தட்டுகூட இல்லை. மூன்றாவது முறை ஹோல்ஸ்மனின் கதவைத் தட்ட ஒரு தனி மனத்திடம் வேண்டும்.

* * *

இங்கே காலத்தைத் தாண்டி ஒரு பாய்ச்சல். கைவிடப்பட்ட அந்த டிசம்பர் டேப் என்ன ஆயிற்று என்று கேட்டு வாசகர்கள் இரண்டு வாரமாக எழுதுகிறீர்கள்.

1966இல் எலெக்ட்ரா 'வாட்ஸ் ஷேக்கின்' என்ற கலவைத் தொகுப்பை வெளியிட்டது. எரிக் கிளாப்டன், லவிங் ஸ்பூன்ஃபுல் என்று பலர் இருந்த அந்தத் தட்டில், பட்டர்ஃபீல்ட் குழுவின் ஆரம்ப காலப் பதிவுகளிலிருந்து ஐந்து பாட்டுகள் எட்டிப் பார்த்தன. மிச்சம் கிடங்கிலேயே இருந்தது.

1970இல் எலெக்ட்ரா வார்னர் குடும்பத்துக்குள் போனது. ஹோல்ஸ்மன் சில ஆண்டுகளில் விலகினார். 1981 பிப்ரவரியில் சான் ஃபிரான்சிஸ்கோவில், தன் காருக்குள், போதை மருந்தால் ப்ளூம்ஃபீல்ட் இறந்துகிடந்தார். வயது 37. 1987 மே மாதம் பட்டர்ஃபீல்ட். வயது 44. அங்கும் போதை மருந்துதான். பெரிய கிடங்கில் நாடாச் சுருள் நல்லபடியாக இருந்தது, வாசித்தவர்கள் போய்க்கொண்டிருந்தார்கள்.

பிறகு சி.டி. வந்தது. பழைய எல்.பி.யின் இரண்டு பக்கமும் சேர்ந்து நாற்பது நிமிடம்; சி.டி.யில் எழுபது நிமிடத்துக்கு மேல் இடம். வீட்டில் தட்டு வைத்திருப்பவனிடமே அதே பாட்டை மறுபடி விற்க வேண்டுமானால், அவன் கேட்டிராத ஒன்றைக் கொடுக்க வேண்டும். நிறுவனங்கள் கிடங்கைத் துழாவத் தொடங்கின. அந்த வேலையில் கைதேர்ந்தது 'ரைனோ'. 1973இல் லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு தட்டுக் கடையாகத் தொடங்கி, மறுவெளியீட்டையே தொழிலாக்கிக்கொண்ட நிறுவனம்.

1995இல் ரைனோ மூலமாக அது வெளிவந்தது: 'தி ஒரிஜினல் லாஸ்ட் எலெக்ட்ரா செஷன்ஸ்'. 19 பாட்டுகள். பதிவாகி முப்பது ஆண்டுகள் கழித்து. அந்த ஆண்டு மார்ச்சில்தான், நுரையீரல் புற்றுநோயால், ராத்சைல்ட் இறந்திருந்தார்.

கேட்டால் முதலில் உறைப்பது எது இல்லை என்பதுதான். கூட்டத்தைக் கிளப்பிய 'பார்ன் இன் சிகாகோ' அந்த 19இல் இல்லை. இரண்டாவது, ப்ளூம்ஃபீல்ட். அவர் இருக்கிறார், ஆனால் புது மருமகன் போல இடம் பார்த்து வாசிக்கிறார். பத்து மாதம் கழித்து வந்த தட்டில் மவுத் ஆர்கனோடு மல்லுக்கு நிற்கிற கித்தார் இன்னும் இங்கே வரவில்லை. இது முழுக்கப் பட்டர்ஃபீல்டின் குழு. இரண்டு பேரின் போட்டியாக மாறுவதற்கு முந்தைய குழு. பிந்தைய தட்டுகளில் எவ்வளவு தேடினாலும் கிடைக்காத நிலை அது. இந்த டேப்பை நான் மறுபடி மறுபடி போடுவதற்குக் காரணம் அதுதான். 'குட் மார்னிங் லிட்டில் ஸ்கூல்கேர்ள்' பாட்டில் சாம் லேயின் டிரம்ஸை மட்டும் பின்தொடர்ந்து ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

அப்படியானால் ராத்சைல்ட் செய்தது தவறா? இல்லை. அந்தப் பத்து மாதக் காத்திருப்பில்தான் ப்ளூம்ஃபீல்ட் முழுதாகக் குழுவுக்குள் வந்தார். 1965 செப்டம்பரில் நடந்த மூன்றாவது பதிவின் நடுவே மார்க் நாஃப்டலின் என்ற பையன் விசைப்பலகை ஆர்கனோடு உள்ளே நுழைந்து ஆறாவது ஆளானார். அக்டோபரில் வெளிவந்த தட்டின் அட்டையில், எவ்வளவு சத்தமாக வைக்க முடியுமோ அவ்வளவு சத்தமாக வைத்துக் கேட்கும்படி ரசிகர்களுக்கு அறிவுரையே அச்சாகியிருந்தது. பிக் ஜான்ஸின் இரைச்சலைப் பிடிக்க முடியாமல் தவித்தவர்கள், அந்தப் பொறுப்பில் பாதியை வாங்குகிறவன் கையில் ஒப்படைத்துவிட்டார்கள்.

டேப்பின் கதை இது. ஆட்களை நாம் 1965 வசந்தத்திலேயே விட்டுவிட்டு வந்தோம். திரும்புவோம்.

* * *

கையில் ஒரு தட்டுகூட இல்லாத குழுவுக்கு அந்தக் கோடையில் ஓர் அழைப்பு வந்தது. ரோட் ஐலண்ட், நியூபோர்ட் நாட்டார் இசை விழா. நாட்டின் நாட்டார் இசை அன்பர்கள் எல்லாரும் கூடும் இடம். மின்சாரக் கித்தாரைக் கண்டால் முகம் சுளிப்பவர்கள் அவர்களில் கணிசம்.

ஜூலை கடைசி வாரம். பகல் நேர ப்ளூஸ் அரங்கு. குழு தன் ஆம்ப்ளிஃபயர்களை மேடையில் ஏற்றி அடுக்கிக்கொண்டிருக்கிறது. அறிமுகம் செய்ய மைக்கின் முன் வந்து நின்றவர் ஆலன் லோமக்ஸ். தெற்கு மாநிலங்களின் பருத்திக் காடுகளிலும் சிறைகளிலும் அலைந்து கறுப்பர்களின் பாடல்களைப் பதிவு செய்தவர். மடி வாட்டர்ஸை 1941இல் மிசிசிப்பித் தோட்டத்தில் முதன்முதலில் டேப்புக்கும் முந்தைய தட்டுக் கருவியில் பிடித்தவர். ப்ளூஸ் விஷயத்தில் அவர் சொல்லுக்கு மேல்முறையீடு கிடையாது.

அவர் பேசினார். மேடை ஓரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் ஆல்பர்ட் கிராஸ்மன்: பாப் டிலனின் மேலாளர், பட்டர்ஃபீல்ட் குழுவின் மீதும் கண் வைத்திருந்தவர். லோமக்ஸ் பேசி முடித்துக் கீழே இறங்கினார். அடுத்த சில நொடிகளில், நடுவயதைத் தொட்ட, உடல் பருத்த இந்த இரண்டு பெரிய மனிதர்களும் ஒருவரை ஒருவர் பிடித்துத் தள்ளி, ரசிகர்கள் பார்க்க, புழுதியில் புரண்டார்கள்.

ப்ளூஸைத் தேடியே வாழ்நாளைக் கழித்த ஒருவர், ப்ளூஸ் வாசிக்க வந்த ஐந்து இளைஞர்களுக்கு முன்னால் நின்று அப்படி என்ன சொல்லியிருப்பார்?

(அடுத்த வாரம்)